மாதவிடாய் அறிவும் அதன் விலையும்

மாதவிடாயைப் பற்றிப் பேசுவதே பண்பாடற்ற செயல் என எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, மாதவிடாய்க் குருதியின் தொடர்பால் மது புளிக்கும், பயிர் பட்டுப்போகும் என எழுதிவைத்தார். நமது ஊர்களிலே அதே அச்சத்திற்குத் துடக்கு என்று பெயர். இவ்வச்சத்தின் வேரை அறுத்த விஞ்ஞானம் நூறாண்டுப் பழைமையே உடையது. அவ்விஞ்ஞானம் எவ்வாறு வளர்ந்தது, அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதே நாம் இங்கு நோக்கவேண்டியது.

1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் எட்கார் அலன், எட்வேட் டொய்சி என்னும் இருவர், பன்றிச் சூலகங்களிலிருந்து எடுத்த திரவத்தின் ஆற்றலை விலங்குகளிற் சோதித்துக் காட்டினர். ஈஸ்திரஜன் என நாம் இன்று வழங்கும் ஓமோன் வெளிப்பட்ட வழி இதுவே. அடுத்த ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஒகினோ, மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்னரே முட்டை வெளியேறுகின்றது என எடுத்துரைத்தார். 1929இல் கோர்னரும் வில்லார்ட் அலனும் புரொஜெஸ்தரோனின் தொழிற்பாட்டை நிறுவினர்.

இவ்வாறு ஒரு முழுச்சித்திரம் உருவாயிற்று. முட்டை முதிருங்கால் ஈஸ்திரஜன் பெருகிக் கருப்பையின் உட்படையைத் தடிக்கச் செய்கின்றது. முட்டை வெளியேறியபின் சூலகம் புரொஜெஸ்தரோனைச் சுரந்து அப்படையைப் பக்குவப்படுத்துகின்றது. கரு தங்காவிடின் இரு ஓமோன்களும் தாழ, உட்படை கழன்று குருதியோடு வெளியேறுகின்றது. முட்டை வெளியேறாத மாதங்களிலோ புரொஜெஸ்தரோன் போதிய அளவு சுரப்பதில்லை. உட்படை கட்டின்றித் தடித்து, காலந்தவறியும் மிகுதியாகவும் குருதி பெருகுகின்றது. தீட்டுமில்லை, தெய்வ கோபமுமில்லை. சுரப்புகளின் ஏற்றத்தாழ்வே உண்டு.

நோயின் காரணம் தெரிந்தது, மருந்தோ எட்டாக்கனியாயிருந்தது. 1934இல் ஜெர்மனியிலே 20 மில்லிகிராம் தூய புரொஜெஸ்தரோனைப் பெற ஏறத்தாழ 50,000 பன்றிகளின் சூலகங்கள் வேண்டியிருந்தன. இந்நிலையை மாற்றியது மெக்சிக்கோவின் காடு. நமது இராசவள்ளியின் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கிழங்கொன்றிலிருந்து இரசாயன அறிஞர் ரசல் மார்க்கர் அவ்வோமோனைக் கிலோக் கணக்கில் ஆக்கினார். 1944இல் சின்டெக்ஸ் கம்பனி மெக்சிக்கோ நகரில் எழுந்தது. பின்னர் பர்பாஸ்கோ என்னும் கிழங்கு பெருவாரியாகத் தோண்டப்பட்டது. தோண்டியவர்கள் ஏழை விவசாயிகள்; அற்பக் கூலி அவர்களுக்கு, இலாபம் கம்பனிகளுக்கு. 1975இல் மெக்சிக்கோ அரசு அக்கிழங்கு வாணிபத்தைத் தன் நிறுவனமொன்றின்கீழ்க் கொணர முயன்றபோது, கம்பனிகள் வேறு மூலப்பொருள்களை நாடத் தொடங்கியிருந்தன.

கிழங்கைத் தோண்டியவர்களின் கதை அது. மருந்தைத் தம் உடலிலே தாங்கியவர்களின் கதை மற்றொன்று. முட்டை வெளியேறுதலைத் தடுக்கும் மாத்திரையின் பெரும் பரிசோதனை 1956இல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோவில், றியோ பியெட்ராஸ் குடியிருப்பில் தொடங்கிற்று. கர்ப்பத்தடையை வேண்டிய ஏழைப் பெண்கள் தாமாகவே முன்வந்தனர். ஆயின், தாம் உட்கொள்வது சோதனை மருந்து என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அங்கு பணியாற்றிய டொக்டர் எட்றிஸ் றைஸ்-ரே, நூற்றுக்குப் பதினேழு பேர் குமட்டல், தலைச்சுற்று, தலைவலி முதலியவற்றால் வருந்தினர் என அறிவித்தார். ஆய்வுத் தலைவர்களோ அவற்றை மனத்தில் எழுந்த கற்பனைகள் என ஒதுக்கினர்.

1957இல் அம்மாத்திரைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. எதன் பெயரால்? மாதவிடாய்க் கோளாறுகளின் பெயரால்! இது முட்டை வெளியேறுதலைத் தடுக்கும் என்ற எச்சரிக்கையே விளம்பரமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண்கள் அதனை உட்கொண்டனர். கர்ப்பத்தடைக்கென அனுமதி கிடைத்தது 1960இலேயே. பெண்கள் தாம் வேண்டியதை வெளிப்படக் கேட்கவியலாத சமுதாயத்தில், நோயின் பெயரே அவர்களுக்குப் போர்வையாயிற்று.

இம்மருந்தால் பெண்ணினம் பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. மிகுந்த குருதிப்போக்காலும் வலியாலும் நலிந்த எத்தனையோ பேருக்கு அதன் வழிவந்த மருந்துகள் ஆறுதலளிக்கின்றன. ஆனால், அந்நன்மையோடு உண்மையும் சேர்ந்து வழங்கப்படவில்லை. 1970இல் அமெரிக்க செனற் சபை மாத்திரையின் தீங்குகளை விசாரித்தபோது, அதை உட்கொண்ட பெண்கள் ஏன் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை என இளம்பெண்கள் எழுந்து குரலெழுப்பினர். அவர்தம் போராட்டத்தின் பயனாகவே, தீங்குகளைக் கூறும் துண்டுப்பிரசுரம் மாத்திரைப் பொதியினுள் இடம்பெற்றது.

இன்று உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பேர் வரை சூலக நீர்க்கட்டி நோய்க்குட்பட்டுள்ளனர் என்றும், அவர்களிற் பெரும்பாலோர் அதனை அறியாதிருக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. மாதம் தவறுவதையும் ஓயாத வலியையும் பெண்ணின் தலைவிதி எனப் பொறுத்துக்கொள்ளும் வரை இவ்வறியாமை நீடிக்கும். பாடநூலில் இவ்வத்தியாயம் வருங்கால், "வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" எனக் கடந்துபோகும் ஆசிரியரும் அதற்குத் துணைபோகின்றார். தன் உடலைப் பற்றிய உண்மையை அறிதல் ஒவ்வொரு பெண்ணின் உரிமை. றியோ பியெட்ராஸில் அதை மறைத்தது ஆய்வுகூடம். நமது வகுப்பறையில் அதை மறைப்பது நமது கூச்சம்.