நெருப்புக்கு முன்னால் ஒரு சான்றிதழ்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். கேன்டீன் நினைவுகளை எழுத நிறையப் பேர் இருப்பார்கள். நான் நம் ஆய்வகத்து மூலையில் நின்ற காக்ரன் பாய்லரைப் பற்றி எழுதுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பற்ற வைப்போம், ரீடிங் எடுப்போம், மார்க் வாங்குவோம், மறந்துவிடுவோம். அதற்குப் பின்னால் எத்தனை உயிர்களின் கதை இருக்கிறது என்பது, பாடிக்கு வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பாடி என்றால் பழைய தலைமுறைக்குத் திருவலிதாயம் கோவில். 1960களில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்த பின்பு, பாடி என்றால் சங்குச் சத்தம். மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, வடக்கே நெல்லை அவித்து அரிசியாக்கும் செங்குன்றத்து ஆலைகள். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ தொழில்களுக்கு நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர் வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும். இரும்புக் கூட்டுக்குள் அதை அடக்கி வைத்திருக்கிறோம். கூடு பிளந்தால் உள்ளே கொதிக்கும் தண்ணீர் அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகப் பாயும். 1865இல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1905இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் போனார்கள். அதன் பிறகுதான் அங்கே கடுமையான பாய்லர் விதிகள் பிறந்தன.

நம் நாட்டுக் கதையும் அப்படித்தான். 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1864இல், வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. பிறகு மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரு குழு உட்கார்ந்து ஆராய்ந்து, கடைசியில் 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் உருவாகி, 1924 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யாத பாய்லரை ஓட்டக்கூடாது. சோதித்துச் சான்று வாங்க வேண்டும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதிகள் கேட்கும் தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். பாய்லர் அட்டெண்டன்ட் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதும், பெரிய பாய்லர்களுக்கான ஆபரேஷன் இன்ஜினியர் என்பதும் இந்த வழியில் வந்தவைதான்.

இனி என் கதை. 1980களின் தொடக்கம். மேலே சொன்ன பெரிய பெயர்களில் ஒன்றும் இல்லை; சந்துக்குள் இருந்த ஒரு சிறிய ஆலை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு வயதான ஃபயர்மேன் இருந்தார். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பிரஷர் சொல்வார். அவரிடம் சான்றிதழ் கிடையாது. அவர் தொழில் கற்றது ரயில் எஞ்சினில். ரயில்வே எஞ்சின் பாய்லர்களுக்கு 1923 சட்டம் பொருந்தாது, அவர்களுக்குத் தனி ஏற்பாடு. ஆக, அவர் கற்றுக்கொடுக்க, நான் தேர்வுக்குப் போனேன்.

தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கேஜ் கிளாஸ்ல தண்ணி தெரியல. என்னப்பா பண்ணுவே?" அண்ணன் நூறு தடவை சொன்னதையே ஒப்பித்தேன். "தண்ணி விடமாட்டேன் சார். நெருப்பை அணைப்பேன்." சூடேறிச் சிவந்த தகட்டின்மேல் தண்ணீர் பட்டால் அது உடனே ஆவியாகி அழுத்தம் எகிறும், தகடோ பலம் இழந்து நிற்கும். பாஸ் ஆனேன். சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் பாய்லர் ஹவுஸ் சுவரில் மாட்டினார்கள்.

சில மாதம் கழித்து ஒரு இரவு ஷிஃப்ட். அண்ணன் கேஜ் கிளாஸின் காக்குகளைத் திறந்து மூடிச் சோதித்தார். திரும்பி வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து, "ஒரே ஒரு பேட்ச்தான் பாக்கி, பம்பைப் போடுங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, என் பேச்சு இங்க செல்லாது. உங்க பேருதான் சுவத்துல தொங்குது."

உண்மையைச் சொல்கிறேன், தயங்கினேன். புது வேலை, வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிஷம் இருக்கும். பிறகு நெருப்பை அணைக்கச் சொன்னேன். ஆறிய பின் திறந்து பார்த்தால், தண்ணீர் மேல்வரிசைக் குழாய்களுக்குக் கீழே இறங்கியிருந்தது. உற்பத்தி நஷ்டத்துக்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று புரிந்தது இதுதான். லைசென்ஸ் என்பது வேலை செய்ய அனுமதி என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது "முடியாது" என்று சொல்வதற்கான அதிகாரம். அண்ணனுக்கு அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை. எனக்கு அதிகாரம் இருந்தது, அவர் இல்லாவிட்டால் அறிவு இருந்திருக்காது. அவரைத் தேர்வுக்கு அனுப்ப நான் முயற்சி எடுக்கவில்லை. சான்றிதழ் இல்லாமலே ஓய்வு பெற்றார். அந்த உறுத்தல் இன்றும் உண்டு.

காலம் மாறிவிட்டது. 1923 சட்டம் நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு, கொதிகலன் சட்டம் 2025க்கு வழிவிட்டது. ஆனால் விபத்துகள் போய்விடவில்லை. 2017 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் உஞ்சஹார் அனல்மின் நிலையத்தில் முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2020இல் நம் நெய்வேலியில் மே மாதம் ஒன்று, ஜூலை 1இல் இன்னொன்று என்று இரண்டு விபத்துகள். கம்ப்யூட்டர் திரையில் தண்ணீர் மட்டம் தெரிகிற காலத்திலும், நிறுத்து என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

இளைய நண்பர்களே, பாய்லரோ, மின்சாரமோ, வெல்டிங்கோ, உங்கள் பெயரும் ஒருநாள் ஏதோ ஒரு சுவரில் தொங்கும். அதற்கு முன், பக்கத்தில் நிற்கும் அண்ணனிடம் கற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர் பெயரும் அந்தச் சுவரில் ஏற வழி செய்யுங்கள். அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது, அந்தக் காக்ரனின் கேஜ் கிளாஸை ஒருமுறை பாருங்கள். தண்ணீர் தெரிகிறதா?