டிரசர் முதல் முதலுதவிப் பெட்டி வரை



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு 'டிரசர்' என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. காயத்திற்குக் கட்டுப் போடுபவர் என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். ஆயினும் நம் பாட்டன் பாட்டிமார்க்கு அவர்தாம் மருத்துவர். இன்றைய பிள்ளைகள் இச்சொல்லை அறியார். எனவே, அதன் பின்னணியைச் சற்று எழுதி வைக்கலாம் என எண்ணினேன்.

பகாங் உள்ளிட்ட கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டிலும் 1923ஆம் ஆண்டிலும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இயற்றப்பட்டன. தோட்டத்தில் மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை அவை முதலாளிமேல் சுமத்தின. இதனைக் கருணை என்று மட்டும் கொள்ள முடியாது. நோயும் சாவும் மிகுந்தால் தமிழகத்திலிருந்து ஆள் வரத்து நின்றுவிடும் என்ற அச்சம் துரைமார்க்கு இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின்னர், இந்திய அரசின் ஏஜண்டு ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். அவர் தோட்டங்களைப் பார்வையிட்டுக் குடியிருப்பு, மருத்துவ நிலை குறித்து ஆண்டறிக்கை எழுதினார். அந்தக் கண்காணிப்பு இல்லாதிருந்தால் சட்டம் ஏட்டளவிலேயே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

கேமரன் மலையின் தேயிலை வரலாறு இதற்குப் பிந்தியது. வில்லியம் கேமரன் இம்மலையை அளந்தது 1885இல். ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அதற்குள் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்திருந்தது. கங்காணி முறையே நிலவியது. அதன்வழி ஆள் அனுப்புவதையும் இந்தியா 1938இல் தடைசெய்தது. காடழித்துச் சரிவில் செடி நட்டவர்களுக்குக் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் இல்லாத ஓர் இடர் இருந்தது. அது தொலைவு. தாப்பாவிலிருந்து ஏறும் மலைப்பாதை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து செல்கிறது. இன்று தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை உள்ளது. எனினும், சரிவின் நடுவே காலில் வெட்டுப்பட்டவரைச் சாலைக்குக் கொண்டுவருவதற்கே நேரம் பிடிக்கும்.

இங்குதான் மருத்துவத்திற்கும் முதலுதவிக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. டிரசர் மருந்தகத்தில் இருப்பார்; விபத்தோ நிரையில் நிகழும். மருத்துவர் அல்லாதவர் முதல் சில நிமிடங்களில் செய்வதே முதலுதவி. இதைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கவே 1877இல் இங்கிலாந்தில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. 1908இல் அது பினாங்கிற்கும் வந்தது. தோட்டத்திலோ அறிவு முழுவதும் ஒருவரிடமே தங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் காயத்தில் காப்பித்தூளை அப்பிவிட்டு டிரசருக்கு ஆளனுப்பினார். அவர்மேல் குற்றம் சொல்ல இயலாது. துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று யார் அவருக்குச் சொன்னார்கள்?

விடுதலைக்குப் பின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் டிரசர் பணியை முறைப்படுத்தியது. 1969ஆம் ஆண்டின் சட்டம் 'சொக்சோ' பாதுகாப்பைத் தந்தது. 1994இல் வந்த தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே பெரிய திருப்பம். இடர் எது என்று ஆராய்ந்து அதைத் தடுக்கும் கடமை முதலாளிக்கு உண்டு என்றது அச்சட்டம். 40 பேரும் அதற்கு மேலும் உள்ள பணியிடங்களில் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும் என்றும் கூறியது. பணியிட முதலுதவிக்கான அரசு வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2004இல் வெளிவந்தது. 2022இல் செய்த திருத்தங்கள் 1 ஜூன் 2024 முதல் நடப்புக்கு வந்தன. முதலாளியின் பொதுக் கடமையை மீறுவதற்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

ஆனால், சட்டத்தை நிறைவு செய்வது வேறு, ஆயத்தமாக இருப்பது வேறு. சுவரில் பெட்டி தொங்கும். சாவி கிராணியின் சட்டைப்பையில் இருக்கும். சோதனையாளரின் பட்டியலில் அதற்கும் ஒரு 'சரி' விழுந்துவிடும்!

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டே அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 1 ஜனவரி 2020 முதல்தான் முழுத்தடை வந்தது. இந்நஞ்சை விழுங்கியவர்க்கு மாற்று மருந்து கிடையாது. கண்ணிலோ தோலிலோ எந்தப் பூச்சிமருந்து பட்டாலும் உடனே செய்யவேண்டியது, நனைந்த துணியைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுதல். வாந்தி எடுக்கத் தூண்டலாகாது. மருந்துப் புட்டியின் முகப்புச் சீட்டையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதற்குப் பெட்டிகூட வேண்டாம். மருந்தடிக்கும் இடத்தில் நல்ல தண்ணீர் இருந்தால் போதும். அது இருக்கிறதா என்பதே கேள்வி.

கேமரன் மலையில் கொழுந்தெடுக்கும் கைகள் இன்று பெரும்பாலும் நம்மவருடையவை அல்ல. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நம் பாட்டன்மார் நின்ற சரிவில் நிற்கிறார்கள். 2019 முதல் சொக்சோவின் வேலையிட விபத்துக் காப்பு அவர்களுக்கும் உண்டு. ஆனால், இழப்பீடு என்பது விபத்திற்குப் பின் வருவது. முன்னதாக, பெட்டியின்மேல் எழுதியிருப்பதை அவர்கள் படிக்க முடிய வேண்டும். அன்று டிரசர் தமிழில் பேசினார் என்பது நம் முன்னோர்க்கு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! நேப்பாளியும் வங்காளமும் அறிந்த முதலுதவியாளர் ஒருவர் ஒவ்வொரு மலைப்பிரிவிலும் இருக்கிறாரா என்று, தோட்டங்களில் பொறுப்பில் உள்ள பெற்றோர்கள் கேட்டுப் பார்க்கலாம்.