தேர் அளந்த நகரம்

நகரம் எழுப்ப நிலம் தேர்ந்ததும் அதை 64 அல்லது 81 கட்டங்களாகப் பகுக்கச் சொல்கின்றன வாஸ்து நூல்கள். நடுக்கட்டங்கள் பிரம்மனுக்கு உரியவை. சுற்றிலும் திசைத் தெய்வங்கள். நடுவிடத்தைச் சூழும் தெரு பிரம்ம வீதி, ஊர் ஓரத்தைச் சுற்றும் தெரு மங்கல வீதி என்று மயமதம் வகுக்கிறது. ஊர் என்பது வலம்வரத் தக்க இடம் என்ற எண்ணம் இங்கேயே வேர்விட்டிருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் கிழமேலாக மூன்று, தென்வடலாக மூன்று ராஜவீதிகளும் 12 வாயில்களும் வேண்டும் என்கிறது.

ஏட்டுக் கட்டம் மண்ணுக்கு வரும்போது வளைந்து கொடுத்திருக்கிறது. 1727-இல் சவாய் ஜெய்சிங் ஜெய்ப்பூரை நிறுவியபோது ஒன்பது கட்டத் திட்டத்துக்கு வடமேற்கில் மலை குறுக்கிட்டது. தென்கிழக்கில் ஒரு கட்டம் கூடுதலாக வந்தது.

இந்த மரபு இன்றும் உயிரோடு வாழும் ஊர் மதுரை. ஊரைத் தாமரையாகவும் தெருக்களை இதழ்களாகவும் காணும் பாடல் பரிபாடல் திரட்டில் உண்டு. அதில் நடுப்பொகுட்டாக நிற்பது பாண்டியன் அரண்மனை என்பது பலர் கொள்ளும் பொருள். நாயக்கர் காலத்திலோ நடுவிடம் முழுக்க மீனாட்சியுடையது. திருமலை நாயக்கரின் மகால் தென்கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. அரசன் விலகித் தெய்வத்துக்கு நடுவிடம் தந்த நகரம் இது.

மீனாட்சி கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என அடுக்கடுக்காக விரியும். ஆடியில் முளைக்கொட்டு விழா ஆடி வீதியில். ஆவணி மூலத் திருவிழா ஆவணி மூல வீதியில். மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழக்கு. ஆனாலும் தேர் மாசி வீதிகளைத்தான் இன்றும் சுற்றுகிறது. மாதம் மாறியது, தடம் மாறவில்லை! வடம் பிடிப்போர் திரளவும் தேர் முக்குத் திரும்பவும் இடம் வேண்டும்; அதுவே வீதிக்கு அகலம் வகுத்தது. தெருக்கள் துல்லியமான சதுரமாக இல்லை. அதைக் குறையாகச் சொல்வோர் தேரோட்டத்தன்று ஒருமுறை வடம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகள் பிறந்தன. புதிய தெருக்களும் பழைய சுற்றையே பின்பற்றின.

கோபுரங்களைப் பேண நிதியும் அக்கறையும் இருக்கின்றன. அதே அக்கறை மாசி வீதிகளுக்கும் வேண்டும். அந்த அகலத்தில் ஓரடிகூட ஆக்கிரமிப்புக்குப் போகாமல் மாநகராட்சியும் கடைக்காரர்களும் பக்தர்களும் சேர்ந்து காக்க வேண்டும்.