உழைப்பும் பூமியும்: திருத்தந்தையரின் சுற்றுமடல்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் நவீன சமூகப் போதனை, 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் தொடங்குகிறது. ஐரோப்பிய ஆலைகளில் பெண்களும் சிறுவர்களும்கூட நெடுநேரம் உழைத்துத் தேய்ந்த காலம் அது. தனிச்சொத்துரிமையை ஆதரித்து சோசலிசத்தை மறுத்த அம்மடல், சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்றது. கூலி பற்றி அது சொன்னதே மிகத் துணிவானது: தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் ஒருவரின் பிழைப்புக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும்.

1931இல் பதினொன்றாம் பயஸ், ஊதியம் குடும்பத்துக்கே போதுமானதாக இருக்க வேண்டும் என்றார். நாஜி ஆக்கிரமிப்பில் கல்குவாரியிலும் ரசாயன ஆலையிலும் வேலை செய்த இரண்டாம் யோவான் பவுல், 1981இல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ மடலில் மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று வலியுறுத்தினார்.

இயற்கை பின்னரே பேசுபொருளானது. 1971இல் ஆறாம் பவுல் அதன் சீரழிவை எச்சரித்தார். இரண்டாம் யோவான் பவுலின் 1990 உலக அமைதி நாள் செய்தி முழுவதும் சூழலைப் பற்றியது. இரு இழைகளையும் இறுகப் பின்னியது, 2015இல் பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சி’. நிலத்தைப் பண்படுத்துவதையும் காப்பதையும் விவிலியத்தின் தொடக்க நூல் மனிதரிடம் ஒருசேர ஒப்படைத்ததை அது நினைவூட்டியது. இயந்திரத்துக்காகத் தொழிலாளரைக் கைவிடுவதைக் கண்டித்தது.

2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை, 1891 மடலையும் செயற்கை நுண்ணறிவு உழைப்புக்கு விடுக்கும் சவாலையும் சுட்டிக்காட்டி, பதினான்காம் லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு விளக்கமளித்தார்.