சாம்பா கையேடுகளின் வடிவ மாற்றம்: ஒரு வரலாறு

சாம்பா என்பது யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் உள்ள கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் விண்டோஸ் கணினிகளோடு பகிர்ந்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். 1992 முதல் வெளிவரும் இம்மென்பொருளின் கையேட்டுப் பக்கங்களில் கடைசியாக 'ஆசிரியர்' என்றொரு பகுதி உண்டு. மென்பொருளை உருவாக்கியவரின் பெயரோடு அப்பகுதி முடிந்துவிடுவதில்லை. கையேட்டை முதலில் எழுதியவர் கார்ல் ஔவர். சாம்பா 2.0 வெளியீட்டுக்காக அதை யோடல் வடிவத்துக்கு மாற்றிப் புதுப்பித்தவர் ஜெரமி ஆலிசன். 2.2 வெளியீட்டுக்காக டாக்புக் வடிவத்துக்கு மாற்றியவர் ஜெரால்டு கார்ட்டர். 3.0 வெளியீட்டுக்காக டாக்புக் எக்ஸ்எம்எல் 4.2 வடிவத்துக்கு மாற்றியவர் அலெக்சாண்டர் போகோவாய். இத்தனை செய்திகளையும் அப்பகுதி சொல்கிறது.

மென்பொருளை எழுதியவர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் கையேட்டின் வடிவத்தை மாற்றியவர்களின் பெயர்களும் ஏன் இடம்பெற்றன? சுமார் பத்தாண்டுகளில் ஒரே கையேடு ஏன் மூன்று முறை மாற்றப்பட்டது? இக்கேள்விகளுக்கான விடை, கணினி ஆவணங்களின் பொது வரலாற்றையும் விளக்குகிறது.

பின்னணி

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தம் மேசைக் கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் கோப்புகளைப் பயன்படுத்த விரும்பினார். அதற்கான நெறிமுறையின் முழு விளக்கம் அவரிடம் இல்லை. எனவே வலையமைப்பில் இரு கணினிகளுக்கிடையே செல்லும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்து, அவற்றின் பொருளை ஊகித்து நிரல் எழுதினார். அந்த நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி என்பது அவருக்குப் பின்னரே தெரியவந்தது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததே 'சாம்பா' என்னும் பெயர்.

ஆவணம் இல்லாததன் துன்பத்தை அறிந்த மென்பொருள் இது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் வழங்கிகளின் நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தரவேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004-இல் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பின்னர், 2007 டிசம்பரில்தான் ஓர் ஒப்பந்தத்தின் வழியே அந்த ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைத்தன. அதற்குச் செலுத்தப்பட்ட ஒருமுறைக் கட்டணம் 10,000 யூரோ.

தோற்றத்தைக் குறித்த வடிவம்

யுனிக்ஸ் கையேட்டுப் பக்கங்கள் வழக்கமாக 'ராஃப்' குடும்பத்தைச் சேர்ந்த மொழியில் எழுதப்பட்டன. பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசன்னா 1970-களில் உருவாக்கிய டிராஃப் இக்குடும்பத்தில் புகழ்பெற்றது. வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் ஓரிரு எழுத்துகளும் இட்டால், அடுத்து வருவது தடித்த எழுத்தா, சாய்ந்த எழுத்தா, புதிய பத்தியா என்பதைக் கணினி அறிந்துகொள்ளும்.

தாளில் அச்சிடவும் திரையில் காட்டவும் இது போதுமானதாக இருந்தது. ஆனால் கட்டளையின் பெயரும் தடித்த எழுத்தில் வரும். அளவுருவின் பெயரும் தடித்த எழுத்தில் வரும். படிக்கும் மனிதர் இடத்தைப் பார்த்து வேறுபாட்டைப் புரிந்துகொள்வார். கணினிக்கோ இரண்டும் ஒன்றே. சொல்லின் தோற்றம் கோப்பில் இருந்தது. அதன் பொருள் கோப்பில் இல்லை.

1999 ஜனவரியில் வெளிவந்த சாம்பா 2.0-இல் ஸ்வாட் என்னும் கருவி இருந்தது. இணைய உலாவியின் வழியே சாம்பாவின் அமைவுகளை மாற்ற உதவிய அக்கருவி, ஒவ்வோர் அளவுருவின் அருகிலும் விளக்கத்துக்கான இணைப்பைக் காட்டியது. எனவே அதே கையேடு முனையத்திலும் உலாவியிலும் தேவைப்பட்டது. ஒன்றை எழுதி இரண்டு வடிவங்களாகப் பெற யோடல் உதவியது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையது இது. கரேல் குபாட் உருவாக்கியது. எளிய மொழிதான், ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. புதிதாக உதவ வருபவர் ஒருவர் முதலில் யோடலைக் கற்கவேண்டியிருந்தது.

டாக்புக்கின் வருகை

ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்டுஃபார்பும் அவருடைய குழுவினரும் 1960-களின் இறுதியில் தொடங்கிய பணி, 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்னும் பன்னாட்டுத் தரமாக (ஐஎஸ்ஓ 8879) வளர்ந்தது. உரை எப்படித் தோன்றவேண்டும் என்று குறிக்காமல், அது என்ன என்று குறிப்பதே இதன் அடிப்படைக் கருத்து. இது தலைப்பு, இது கட்டளை, இது கோப்பின் பெயர் என்று எழுத்தாளர் குறித்துவிட்டால், தோற்றத்தைப் பின்னர் தனியே முடிவு செய்துகொள்ளலாம்.

இக்கருத்தின்படி கணினிக் கையேடுகளுக்கென 1991-இல் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸும் ஓ'ரைலி பதிப்பகமும் தொடங்கியதே டாக்புக். பல கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் இதை ஏற்றுக்கொண்டதால், இதை அறிந்தவர்களைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. 2001 ஏப்ரலில் வெளிவந்த சாம்பா 2.2-இன் கையேடுகள் இவ்வடிவத்துக்கு வந்தன.

ஆனால் எஸ்ஜிஎம்எல் எழுதுபவருக்கு நிறையச் சலுகைகள் தந்தது. தட்டச்சு உழைப்பைக் குறைப்பதற்காகச் சில குறிச்சொற்களை மூடாமலே விடலாம். குறிச்சொல்லின் பெயரைப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் கலந்து எழுதலாம். மதிப்புகளை மேற்கோள் குறியின்றித் தரலாம். விடுபட்டதை மென்பொருள் ஊகித்துக்கொள்ளும். அப்படிச் சரியாக ஊகிக்கும் மென்பொருளை எழுதுவது கடினம் என்பதால் நல்ல கருவிகள் மிகச் சிலவே இருந்தன. எழுதுபவருக்குக் கிடைத்த சலுகையின் விலையைக் கருவி செய்பவர் கொடுத்தார்.

எக்ஸ்எம்எல்லின் கண்டிப்பு

1998 பிப்ரவரி 10 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எக்ஸ்எம்எல் 1.0-ஐப் பரிந்துரையாக வெளியிட்டது. எஸ்ஜிஎம்எல்லைச் சுருக்கி, சலுகைகளை நீக்கிய மொழி இது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். எஸ்ஜிஎம்எல் வழக்கில் இப்படி எழுத முடியும்:

<பத்தி>கோப்பைத் திறக்கவும்.
<பத்தி>பிறகு அதை மூடவும்.

எக்ஸ்எம்எல்லில் இப்படித்தான் எழுதவேண்டும்:

<பத்தி>கோப்பைத் திறக்கவும்.</பத்தி>
<பத்தி>பிறகு அதை மூடவும்.</பத்தி>

(டாக்புக்கின் குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பவை, இங்கே புரிதலுக்காகத் தமிழில் தரப்பட்டுள்ளன. எனினும் எக்ஸ்எம்எல் யூனிகோடை அடிப்படையாகக் கொண்டதால், குறிச்சொற்களுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பதும் அதில் செல்லும்.)

திறந்த ஒவ்வொரு குறிச்சொல்லையும் மூடவேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். எல்லா மதிப்புகளும் மேற்கோள் குறிக்குள் இருக்கவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், படிக்கும் மென்பொருள் ஊகிக்காமல் பிழை என்று அறிவித்து நிறுத்திவிடும். இந்தக் கண்டிப்பினால் எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரலை எழுதுவது எளிதாயிற்று. சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ எல்லா நிரலாக்க மொழிகளிலும் அதற்கான கருவிகள் வந்துவிட்டன.

மாற்றுவதில் உள்ள உழைப்பு

எஸ்ஜிஎம்எல் கோப்புகளைத் தானாக எக்ஸ்எம்எல்லாக மாற்றும் கருவிகள் அன்றே இருந்தன. ஜேம்ஸ் கிளார்க்கின் எஸ்பி தொகுப்பில் அப்படி ஒன்று உண்டு. ஆனால் இத்தகைய கருவி, கோப்பைப் படித்துப் புரிந்துகொண்டதையே திரும்ப எழுதித் தரும். ஆசிரியர்கள் தங்களுக்குள் எழுதிவைத்த குறிப்புகள், வரிகளை அமைத்த முறை, பிற கோப்புகளை உள்ளிழுக்கும் சுட்டுகள் முதலியவை அப்படியே மிஞ்சும் என்ற உறுதியில்லை. பலர் சேர்ந்து தொடர்ந்து திருத்தும் ஆவணத்தில் இவை முக்கியமானவை. எனவே இத்தகைய பணியில் கருவி பாதி, கைத்திருத்தம் பாதி என்றே நடக்கும்.

இது எவ்வளவு தயக்கத்துக்குரிய பணி என்பதை போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் கையேடு காட்டுகிறது. அது எஸ்ஜிஎம்எல்லிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்கு முழுமையாக மாறியது 2017-இல்தான். உள்ளே எக்ஸ்எம்எல் ஆனபின்னும் அதன் கோப்புப் பெயர்கள் பழைய எஸ்ஜிஎம்எல் பின்னொட்டோடே தொடர்கின்றன. சாம்பா இம்மாற்றத்தை 2003 செப்டம்பரில் வெளிவந்த 3.0-உடனேயே முடித்துவிட்டது.

ஓர் அளவுருவுக்கு ஒரு கோப்பு

சாம்பாவின் அமைவுக் கோப்பில் பயன்படும் அளவுருக்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. அவை அனைத்தையும் விளக்கும் கையேட்டுப் பக்கம் மிக நீண்டது. எக்ஸ்எம்எல் வடிவத்தில் ஒவ்வோர் அளவுருவின் விளக்கமும் தனிக் கோப்பாகப் பிரிக்கப்பட்டது. அளவுருவின் பெயர், அது வழங்கி முழுமைக்குமானதா அல்லது பகிரப்படும் ஒரு கோப்புறைக்கு மட்டுமானதா என்பது, விளக்கம், இயல்பு மதிப்பு, எடுத்துக்காட்டு ஆகியவை தனித்தனிக் குறிச்சொற்களுக்குள் வைக்கப்பட்டன. இக்கோப்புகளை ஒன்றுசேர்த்து ஒழுங்குபடுத்தி ஒரே பக்கமாக்கும் வேலையைக் கணினியே செய்தது.

2003-இல் ஜான் டெர்ப்ஸ்ட்ராவும் யெல்மர் வெர்னோயும் தொகுத்த சாம்பா-3 வழிகாட்டி நூலை பிரென்டிஸ் ஹால் பதிப்பகம் வெளியிட்டது. அச்சு நூலும் இணையப் பக்கங்களும் ஒரே எக்ஸ்எம்எல் மூலத்திலிருந்து உருவாயின.

கையேட்டிலிருந்து நிரலுக்கு

இம்மாற்றத்தின் பெரிய பயன் பத்தாண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. அதுவரை அளவுருக்களின் பட்டியல் மூலநிரலில் கையால் எழுதப்பட்ட அட்டவணையாகவும் கையேட்டில் விளக்கமாகவும் தனித்தனியே இருந்தது. நிரலாளர் ஒருவர் இயல்பு மதிப்பை மாற்றிவிட்டுக் கையேட்டை மறந்தால், எழுதியது ஒன்று, நடப்பது வேறு என்றாகிவிடும். கையேட்டை நம்பிக் கோப்புறையைப் பகிரும் நிர்வாகிக்கு இது பாதுகாப்புச் சிக்கலாகவும் முடியலாம்.

2014 வாக்கில், சாம்பா 4 வரிசையில், இந்த உறவு திருப்பிப் போடப்பட்டது. ஒரு சிறிய பைத்தான் நிரல் கையேட்டின் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படித்து, அவற்றிலிருந்தே அளவுரு அட்டவணைக்கான சி நிரலை உருவாக்கத் தொடங்கியது. கையேடு சொல்லும் இயல்பு மதிப்பையும் மென்பொருள் உண்மையில் பயன்படுத்தும் மதிப்பையும் ஒப்பிடும் சோதனையும் சேர்க்கப்பட்டது. சில அளவுருக்கள் விதிவிலக்காக விடப்பட்டுள்ளன. மற்றவற்றில் முரண்பாடு இருந்தால் சோதனை தோல்வியடையும். இன்று விளக்கக் கோப்பில் ஒரு குறிச்சொல் மூடப்படாமல் போனால் சாம்பா மென்பொருளையே கட்டமைக்க முடியாது. கணினி ஊகிக்க வேண்டியிராத வடிவத்தில் கையேடு இருந்ததால்தான் இது இயன்றது.

மறுபக்கம்

கண்டிப்பான வடிவத்துக்கு விலையும் உண்டு. ஒரு வரி விளக்கத்தைச் சுற்றிப் பல வரிக் குறிச்சொற்கள் எழுதவேண்டும். கையேட்டை உருவாக்கத் தேவையான கருவிகளை நிறுவுவதும் எளிதன்று. உதவ வரும் தன்னார்வலர் இதனால் தயங்கக்கூடும். இக்காரணங்களாலேயே லினக்ஸ் கருநிரல் திட்டம் 2016 முதல் டாக்புக்கை விட்டு எளிய குறியிடுமொழிக்கு மாறத் தொடங்கியது. ஃபிரீபிஎஸ்டி திட்டமும் 2021-இல் ஆஸ்கிடாக் என்னும் எளிய வடிவத்துக்குச் சென்றது.

தொடர்ச்சியாகப் படிக்கப்படும் உரைக்கு எளிய வடிவம் பொருந்தும். சாம்பாவின் அளவுரு விளக்கங்கள் அத்தகையவை அல்ல. அவற்றை மனிதரும் படிக்கிறார்கள், கணினியும் படிக்கிறது. சாம்பா அவற்றை இன்றும் எக்ஸ்எம்எல்லிலேயே வைத்திருக்கிறது. 2003-இல் வடிவத்தை மாற்றியவர்கள் பழைய விளக்கங்களுக்குப் புதிய குறிச்சொற்களை இட்டு, விடுபட்டவற்றை மூடினார்கள். பயனரின் கண்ணுக்குக் கையேடு முன்பிருந்தது போலவே தெரிந்திருக்கும். ஆனால் பின்னாளில் நிரலுக்கே மூலமாகும் தகுதியைக் கையேட்டுக்குத் தந்தது அந்தப் பணிதான்.