கடல் சாமந்தி: எடின்பரோ பாட்டியும் பம்பாய் பேராசிரியரும்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் ஒரு பாட்டி இருந்தாள். 'கிரானி' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். 1887ஆம் வருடம் ஆகஸ்ட் 4ஆம் தேதி அவள் போய்ச் சேர்ந்தபோது பத்திரிகைகளில் இரங்கல் செய்தி வந்தது. பாட்டிக்கு எலும்பு கிடையாது, மூளை கிடையாது, கண்ணும் கிடையாது. ஒரு கண்ணாடி ஜாடிக்குள்ளேயே 59 வருடம் குடித்தனம் நடத்திவிட்டாள்!

கிரானி ஒரு கடல் அனிமோன். தமிழில் கடல் சாமந்தி என்கிறார்கள். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடையில் பார்க்கும் சாமந்தி மாதிரியே இருக்கும், ஆனால் பூ அல்ல, பிராணி. இதழ் மாதிரி தெரிவதெல்லாம் கொட்டும் கைகள். நடுவில் ஒரே ஒரு வாய். சாப்பிடுவதும் அதன் வழிதான், கழிப்பதும் அதன் வழிதான். ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் நெருங்கிய சொந்தம்.

இதைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து செம்பூரில் எனக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளிலாவது குழந்தைகளுக்காக உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டார்கள். கோமாளி மீன் வாங்கினால் கூடவே அனிமோனும் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கும். கடைக்காரர் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுப்பார். முதல் வாரம் விரிந்து நிற்கும். இரண்டாவது வாரம் சுருங்கும். நான்காவது வாரம் தொட்டி முழுக்க நாற்றம். நான் பிழைப்புக்குச் செய்வது தண்ணீர் சுத்திகரிப்பு வேலை என்பதால், "சார், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுவார்கள்.

மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, வெறும் ஜாடியில் ஒன்று 59 வருடம் வாழ்ந்தது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்த தொட்டியில் இன்னொன்று மூன்று நான்கு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏன்? இதற்குப் பதில் சரித்திரத்தில் இருக்கிறது. வாருங்கள், கொஞ்சம் பின்னால் போவோம்.

முதல் பாடம்: தண்ணீர்

கிரானியை 1828இல் நார்த் பெரிக் என்ற கடற்கரை ஊரின் பாறையிலிருந்து எடுத்து வந்தவர் சர் ஜான் டேலியெல். செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஜாடியின் கடல் தண்ணீரை விடாமல் மாற்றினார். அவ்வப்போது ஒரு துண்டு சிப்பிக் கறி கொடுத்தார். 1851இல் அவர் காலமானார். பாட்டி அதற்குப் பிறகும் 36 வருடம் இருந்தாள். கைமாறிக் கைமாறிக் கடைசியில் எடின்பரோ தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தாள். நடுவில் நூற்றுக்கணக்கான குட்டிகளும் போட்டாள். அனிமோனுக்கு நம்மைப் போல் மூப்பு வந்து சாவது என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. அதனால் தொட்டியில் ஒரு அனிமோன் செத்தால் 'வயசாகிவிட்டது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது :-)

அதே காலத்தில் லண்டனில் அன்னா தைன் என்ற அம்மையார் 1846இலிருந்து வீட்டில் பவளப் பூச்சிகளை வளர்த்தார். லண்டனிலிருந்து கடல் தூரம், தினம் புதுத் தண்ணீருக்கு எங்கே போவது? வேலைக்காரப் பெண்ணை ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, கடல் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். நம் வீட்டில் டம்ளரிலும் டபராவிலும் காப்பி ஆற்றுவது போலத்தான். காற்று கலக்கும், தண்ணீர் கெடாது. இன்று நம் தொட்டியில் ஏர் பம்ப் செய்கிற வேலை அதுதான்.

பிறகு பிலிப் ஹென்றி காஸ் வந்தார். 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மக்கள் பார்ப்பதற்கான முதல் மீன் காட்சியகம் திறந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1854இல் 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் எழுதினார். உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் தண்ணீர் தயாரிக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். கடலைப் பார்த்தே இராத ஊர்களிலும் அனிமோன் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

நம் நாட்டில் வேறு வழி எடுத்தார்கள். 1909இல் சென்னை மெரினாவில் கடல் மீன் காட்சியகம் கட்டினார்கள். எழும்பூர் மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம். இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஜப்பான் குண்டு பயத்தில் அதை மூடினார்கள். மும்பையில் 1951இல் தாராபூர்வாலா மீன் காட்சியகத்தை ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார், அதுவும் மரீன் டிரைவில், அலைக்குப் பக்கத்திலேயே. இரண்டும் கடலோரத்தில் நின்றதில் அர்த்தம் இருக்கிறது. தொட்டிக்கு மூலப்பொருள் மீன் அல்ல, தண்ணீர்.

இரண்டாம் பாடம்: வெளிச்சம்

இப்போது பேராசிரியர் வருகிறார். பேட்ரிக் கெடிஸ். நகரத் திட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். 1914இல் அவர் இந்தியாவுக்குக் கிளம்பியபோது, அவருடைய கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை மூழ்கடித்தது வேறு யாரும் அல்ல, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்! மனிதர் அசரவில்லை. புதிதாகப் படங்கள் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் என்று நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1919இல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறைக்கு முதல் பேராசிரியரானார்.

அவருக்கும் அனிமோனுக்கும் என்ன சம்பந்தம்? கெடிஸ் இளமையில் உயிரியல்காரர். அனிமோன் போன்ற சில பிராணிகளின் உடம்புக்குள் மஞ்சள் நிறத்தில் நுண்ணிய செல்கள் இருப்பதை அப்போது பலரும் பார்த்திருந்தார்கள். அவை என்னவென்று சண்டை. கெடிஸ் அனிமோனை வெயிலில் வைத்துப் பார்த்தார். வெளிவந்த குமிழிகளில் ஆக்சிஜன்! பிராணி எங்கேயாவது ஆக்சிஜன் விடுமா? அது உள்ளே குடியிருக்கும் பாசியின் வேலை. 1882இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஜெர்மனியில் கார்ல் பிராண்ட் என்பவரும் அதே சமயத்தில் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

பாசி வெயிலில் சமைக்கிறது, அனிமோன் சாப்பிடுகிறது. அனிமோன் இடம் கொடுக்கிறது, பாசி குடியிருக்கிறது. வாடகைக்குப் பதில் சாப்பாடு என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

முக்கியமான விஷயம் இங்கேதான். எடின்பரோ பாட்டியின் இனத்துக்கு இந்தப் பாசி கிடையாது. குளிர்கடல் பாறைகளில் கிடைப்பதைப் பிடித்துத் தின்னும் இனம் அது. அதனால் மங்கலான அறையில், ஒரு துண்டு சிப்பிக் கறியில் அவள் காலம் ஓடியது. ஆனால் கோமாளி மீன் குடியிருக்கும் வெப்பக் கடல் அனிமோன்கள் எல்லாம் பாசியை நம்பிப் பிழைப்பவை. எங்கள் ராமநாதபுரம் பக்கம், பாக் நீரிணையில் கிடைக்கும் பெரிய கம்பள அனிமோனும் அப்படித்தான். ஆழம் குறைந்த கடலில் நாள் முழுக்க வெயில் குடித்து வளர்ந்ததைக் கொண்டு வந்து, செம்பூர் ஃபிளாட்டின் ஹாலில் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும்? பாசி போகும். நிறம் வெளுக்கும். பிறகு மெதுவாகப் பட்டினிச் சாவு.

வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கடையில் தருவது பெரும்பாலும் பாசியை இழந்து வெளுத்துப்போன அனிமோன். பளீர் மஞ்சளாக இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். இரண்டையும் வாங்காதீர்கள்.

மூன்றாம் பாடம்: பொறுமை

மீன் கழிவில் அமோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை. கழிவுநீர் நிலையத்தில் நாங்கள் செய்வதும் இதுதான், அளவுதான் வேறு. இந்த பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேறி நிலைப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டிய கடல் கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தலாம் என்று எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகளுக்கு அவர்தான் முன்னோடி. கல் அலங்காரத்துக்கு அல்ல, பாக்டீரியாவுக்கான குடியிருப்பு.

ஆகவே சனிக்கிழமை தொட்டி, ஞாயிற்றுக்கிழமை அனிமோன் என்றால் நடக்காது. குறைந்தது 6 மாதமாவது தொட்டி ஓடியிருக்க வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு வளர்க்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு:

- ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. சமையல் உப்பு உதவாது.
- தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. நிறைய தொட்டிகள் கெடுவது இந்த இடத்தில்தான்.
- வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.
- சூடு 24 முதல் 27 டிகிரி. மும்பை மே மாதத்தில் சில்லர் இல்லாமல் கஷ்டம். தண்ணீர் மேல் ஃபேன் காற்று பட்டால் ஓரிரண்டு டிகிரி இறங்கும்.
- பவளத்துக்கென்று விற்கும் பலமான எல்.இ.டி. விளக்கு, தினம் 8 முதல் 10 மணி நேரம்.
- வாரத்துக்கு ஒரு முறை சின்ன இறால் துண்டு போதும்.
- மீனுக்கு நோய் என்று செம்பு கலந்த மருந்தை அதே தொட்டியில் ஊற்றினால் அனிமோன் செத்துவிடும்.
- பிடித்த இடம் கிடைக்கும்வரை அனிமோன் தொட்டிக்குள் நகர்ந்து கொண்டே இருக்கும், மும்பையில் வீடு தேடும் ஆள் மாதிரி. மோட்டார் வாயை ஸ்பாஞ்சால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சிக் கிழித்துவிடும்.

விலை யார் கொடுத்தது?

காஸின் புத்தகங்கள் வந்ததும் இங்கிலாந்தில் அனிமோன் பைத்தியம் பிடித்தது. ஆளாளுக்கு உளியும் ஜாடியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். பாறைக் குட்டைகள் காலியாயின. காஸ் நேசித்த டெவன் கடற்கரைக்கும் அதே கதி. பின்னாளில் அவர் மகன் எட்மண்ட் காஸ், 1907இல் வெளியான 'ஃபாதர் அண்ட் சன்' புத்தகத்தில் இதை வேதனையோடு எழுதினார். ஆசையாகச் சொல்லிக் கொடுத்தவரே அழிவுக்கும் காரணமாகிவிட்டார்.

நம் பக்கத்திலும் அந்த ஆபத்து உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. அதனால் பவளப் பாறைத் துண்டுகளை 'லைவ் ராக்' என்று சொல்லி விற்றால் அது குற்றம், வாங்கிய நமக்கும் சிக்கல். அனிமோன் ஒன்றைப் பாறையிலிருந்து பெயர்க்கும்போது அடிப்பாதம் கிழிந்தால் அது பிழைப்பது அரிது. பிழைத்தாலும் அங்கே குடியிருந்த கோமாளி மீன் ஜோடிக்கு வீடு போயிற்று. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இது புரியாத விஷயமா? நாம் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினோம், அது பாலிதீன் பையில் ஏற்றப்பட்டது. நமக்குத் திரும்பிப் போக டிக்கெட் உண்டு.

என் யோசனை இதுதான். குழந்தைக்குக் கோமாளி மீன் வேண்டுமா, பண்ணையில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் (1947இல் தொடங்கியது!) பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வெகுநாள் ஆகிறது. பண்ணை மீன் அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும். தொட்டியில் பெரிய மீன் இல்லையென்றால் அதற்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

அனிமோன் பார்க்க வேண்டுமா? மும்பையிலேயே இருக்கிறது. ஹாஜி அலி, ஜூஹு, பாந்த்ரா கார்ட்டர் ரோடு பாறைகளில் கடல் உள்வாங்கும் நேரத்தில் போங்கள். 2017இலிருந்து 'மரீன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற குழுவினர் பொதுமக்களை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிக தூரம் இறங்கும். பாறை வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். மழைக்காலத்தில் வேண்டாம். குட்டைத் தண்ணீரில் அசையாமல் இரண்டு நிமிடம் பாருங்கள், சுருங்கிக் கிடக்கும் சதை உருண்டை மெல்ல மெல்ல விரியும். பிள்ளைகள் விரலை விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள், அது கொட்டும்.