ஆசியக் கோப்பையில் இந்தியக் கால்பந்து அணி: தோல்வியினும் பெரிதான இல்லாமை

முன்னுரை

இந்தியக் கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் ஒரே வார்ப்பில் எழுதப்படுகிறது. 1951 தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம், 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் என்று ஏறி, அதன்பின் சரிந்தது என முடியும். இந்த வரிசையில் 1964ஐச் சிகரமாக நிறுத்திவிட்டு, பிற்காலத் தொடர் ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிட்டு வருந்துவது வழக்கமாகிவிட்டது.

இக்கட்டுரை அந்த அளவுகோலையே கேள்விக்கு உட்படுத்துகிறது. 1964இன் இரண்டாம் இடம் மதிப்புடையதுதான். ஆனால் பிற்காலத்தை அளப்பதற்கான கோல் அதுவன்று. இந்தியாவின் ஆசியக் கோப்பை வரலாற்றைத் தீர்மானித்தவை, களத்தில் தோற்ற ஆட்டங்களைக் காட்டிலும், களத்துக்கே போகாமல் விட்ட 1972, 1976, 1980 ஆகிய மூன்று தொடர்கள் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. கணக்கு காட்டுவது

1956 முதல் 2023 வரையிலான ஆண்டுகளின் பெயரில் நடந்த ஆசியக் கோப்பைத் தொடர்கள் 18. இவற்றுள் இந்தியா இறுதிச் சுற்றில் ஆடியவை ஐந்து: 1964, 1984, 2011, 2019, 2023 (கடைசித் தொடர் நடந்தது 2024 ஜனவரி, பிப்ரவரியில்). இந்த ஐந்திலும் சேர்த்து 16 ஆட்டங்கள். 3 வெற்றி, 1 சமன், 12 தோல்வி. அடித்த கோல் 12, வாங்கியது 33.

1964ஐ நீக்கிவிட்டுப் பார்த்தால் 13 ஆட்டங்களில் ஒரே வெற்றியும் ஏழு கோல்களும் மிஞ்சுகின்றன. அந்த ஏழில் நான்கு சுனில் சேத்ரி ஒருவரே அடித்தவை. ஏனைய மூன்றும் கௌரமாங்கி சிங், அனிருத் தாப்பா, ஜேஜே ஆகியோருக்கு ஆளுக்கொன்று. 39 வயதில் சேத்ரி ஆடிய 2023 தொடரில் அவர் கோல் அடிக்கவில்லை, அணியும் அடிக்கவில்லை. ஒரு நாட்டின் முன்வரிசை பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே ஆளின் காலில் தொங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2. 1964: என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை

1964 தொடர் இஸ்ரேலில் மே 26 முதல் ஜூன் 3 வரை நடந்தது. களமிறங்கியவை நான்கே அணிகள்: இஸ்ரேல், இந்தியா, தென்கொரியா, ஹாங்காங். இஸ்ரேலோடு ஆட மறுத்துப் பல நாடுகள் விலகிக்கொண்டன. இந்தியா இடம்பெற்றிருந்த தகுதிப் பிரிவிலும் எதிரணிகள் விலகியதால், ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே இந்தியா இறுதிச் சுற்றுக்குப் போனது. நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதிய லீக் முறை. அரையிறுதி, இறுதி என்ற பேச்சே இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும், அந்த அணியைத் தள்ளிவிட முடியாது. மே 27 அன்று எதிரில் நின்ற தென்கொரியா, 1956, 1960 ஆகிய இரு தொடர்களையும் வென்றிருந்த நடப்புச் சாம்பியன். இரண்டாம் நிமிடத்திலேயே அப்பலராஜு கோல் அடித்தார். பிற்பாதியில் இந்தர் சிங் இரண்டாவதைச் சேர்க்க, ஆட்டம் 2–0 என முடிந்தது. தில்லியில் நேரு மறைந்ததும் அதே நாளில்தான். அந்த வெற்றி நாட்டில் பேசப்படாமல் போனதில் வியப்பில்லை. மே 29 அன்று இஸ்ரேலிடம் 0–2 எனத் தோல்வி. ஜூன் 2 அன்று ஹாங்காங்கை 3–1 என வென்றபோது இந்தர் சிங், சமாஜபதி, அணித்தலைவர் சுனி கோஸ்வாமி ஆகியோர் கோல் அடித்தனர். இந்தர் சிங் இரண்டு கோல்களுடன், இஸ்ரேலின் ஸ்பீக்லரோடு தொடரின் முதன்மைக் கோல் வீரர் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஹாரி ரைட். ஆனால் அணியை உருவாக்கியவர் 1950 முதல் அதைப் பழக்கிய சையத் அப்துல் ரஹீம். அவர் 1963 ஜூனிலேயே மறைந்துவிட்டார். ஆக, 1964 ஒரு காலத்தின் விளைச்சலே தவிர விதைப்பு அன்று. தகுதிச்சுற்றில் ஆடாமலேயே நுழைந்த, நான்கு அணிகள் மட்டுமே ஆடிய ஒரு தொடரின் இரண்டாம் இடத்தை, 24 அணிகள் ஆடும் இன்றைய தொடரின் இரண்டாம் இடத்தோடு ஒரே தராசில் வைப்பது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. அக்காலத்தின் உண்மையான சான்று வேண்டுமெனில் 1962 ஜகார்த்தாவையே சுட்ட வேண்டும். அங்கு இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வென்றது, நாக் அவுட் நெருக்கடியைக் கடந்து கிடைத்த வெற்றி.

3. ஆடாத பத்தாண்டு

1968 தொடருக்கான தகுதிச்சுற்றில் இந்தியா தேறவில்லை. அதற்கடுத்த மூன்று தொடர்களின் தகுதிச்சுற்றில்கூட இந்தியா ஆடவில்லை. வழக்கமான வரலாறுகள் இந்த இடைவெளியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் அக்காலத்து வேறு இரு செய்திகளை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் பொருள் மாறிவிடுகிறது.

முதலாவது, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றது. இரண்டே ஆண்டில், அதே தாய்லாந்தில் நடந்த 1972 ஆசியக் கோப்பைக்கு இந்தியா முயலவே இல்லை. இரண்டாவது, 1974இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் சாம்பியன்ஷிப்பில் இந்தியா ஈரானோடு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது, இறுதியாட்டம் 2–2. அந்த ஈரான் 1976 ஆசியக் கோப்பையைத் தன் மண்ணில் நடத்தி, தொடர்ந்து மூன்றாம் முறையாக வென்றது. ஈரானோடு சமமாக நின்ற இந்திய இளைஞர்களுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை.

அணி வலுவிழந்ததால்தான் விலகியது என்று இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் இந்தியா கடும் தோல்விகளைச் சந்தித்தது உண்மையே. எனினும் அக்காலத்தில் இந்தியா ஆசிய விளையாட்டையோ மலேசியாவின் மெர்தேக்காக் கோப்பையையோ கைவிடவில்லை. எனவே வலுவின்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது. எந்தத் தொடரை முதன்மையாகக் கருதினார்கள் என்பதே காரணம். டூராண்ட், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, சந்தோஷ் கோப்பை என உள்நாட்டு நாட்காட்டி நிரம்பி வழிந்தது. கண்டத்தின் முதன்மைத் தொடருக்கு அதில் இடமில்லாமல் போனது.

இழப்பின் அளவு ஆட்ட எண்ணிக்கையோடு நிற்பதன்று. மேற்கு ஆசியா எழுந்த காலம் அது. 1980இல் குவைத் வென்றது. 1984, 1988 இரண்டிலும் சவூதி அரேபியா வென்றது. வேகமும் உடல்வலுவும் மாறிக்கொண்டிருந்த ஆசியக் கால்பந்தை இந்திய வீரர்கள் எதிர்கொண்டு கற்றிருக்க வேண்டிய ஆண்டுகள் அவை.

1984இல் கல்கத்தாவில் நடந்த தகுதிச்சுற்றில் தென்கொரியாவுக்கு அடுத்து நின்று இந்தியா சிங்கப்பூர் போனபோது விளைவு தெரிந்தது. யூகோஸ்லாவியரான மிலோவன் சிரிச் பயிற்றுவித்த அணி, ஈரானை 0–0 என நிறுத்தியது. சிங்கப்பூரிடமும் ஐக்கிய அரபு அமீரகத்திடமும் 0–2, சீனாவிடம் 0–3. நான்கு ஆட்டங்களில் கோல் ஏதுமில்லை. தற்காக்கத் தெரிந்த, தாக்கத் தெரியாத அணியாக இந்தியா திரும்பியது.

4. அகலமான வாசல்கள்

1984க்குப் பின் 27 ஆண்டுகள் காத்திருந்து 2011 கத்தார் தொடருக்கு இந்தியா போனது. அந்த வழி, வளரும் நாடுகளுக்கென ஆசியக் கூட்டமைப்பு உருவாக்கிய சேலஞ்ச் கோப்பை வழியாகக் கிடைத்தது. 2008 ஆகஸ்டில் தில்லி அம்பேத்கர் அரங்கில் தஜிகிஸ்தானை 4–1 என வென்ற இறுதியாட்டத்தில் சேத்ரி மூன்று கோல்களும் பூட்டியா ஒன்றும் அடித்தனர். பாப் ஹூட்டனின் அணி கத்தாரில் ஆஸ்திரேலியாவிடம் 0–4, பஹ்ரைனிடம் 2–5, தென்கொரியாவிடம் 1–4 எனத் தோற்றது. கோல்கீப்பர் சுப்ரதா பால் தடுத்த பந்துகள்தான் அந்தத் தொடரில் இந்தியாவுக்கு மிஞ்சிய பெருமை. மூன்று ஆட்டங்களில் 13 கோல் வாங்கிய அணியில் கோல்கீப்பர் புகழ்பெறுவது, முன்னால் நின்ற தடுப்பு எவ்வளவு சிதறியது என்பதையே காட்டும்.

2019 தொடர் 24 அணிகளாக விரிந்தது. இந்தியா உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை இரண்டுக்கும் பொதுவான தகுதிச்சுற்றில் ஈரான், ஓமன், துர்க்மெனிஸ்தான், குவாம் ஆகியவற்றுக்குப் பின்னால் கடைசி இடம் பிடித்தது. பழைய முறையில் கதை அங்கேயே முடிந்திருக்கும். புதிய முறையில் லாவோசுடன் பிளேஆஃப், பிறகு கிர்கிஸ்தான், மியான்மர், மக்காவ் அடங்கிய குழு என்று வழி நீண்டது.

அபுதாபியில் 2019 ஜனவரி 6 அன்று தாய்லாந்தை 4–1 என வென்றது, 1964க்குப் பின் இந்தியாவின் முதல் ஆசியக் கோப்பை வெற்றி. அமீரகத்திடம் 0–2. ஜனவரி 14 அன்று ஷார்ஜாவில் பஹ்ரைனுக்கு எதிராக 90 நிமிடம் கோலின்றிக் கடந்தது. அந்நிலையில் சமன் செய்திருந்தால் இந்தியாவுக்கு 4 புள்ளி, தாய்லாந்தும் 4, நேருக்கு நேர் வெற்றியால் குழுவில் இரண்டாம் இடம் இந்தியாவுக்கு. கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் பெனால்டி. ஜமால் ரஷீத் அடித்தார். இந்தியா குழுவின் கடைசி இடத்துக்கு இறங்கியது. ஒரே உதையில் இரண்டாமிடம் நான்காமிடமானது. இதை ‘துரதிர்ஷ்டம்’ என்று எழுதுவது எளிது. ஆனால் அன்றைய இந்தியா வெற்றியைத் தேடாமல் சமனைக் காத்துக்கொண்டிருந்தது. நெருக்கடியான ஆட்டங்களை முடித்துப் பழகாத அணிக்கு நேர்வது இதுவே.

2023 தொடரில் இகோர் ஸ்டிமாச்சின் அணி ஆஸ்திரேலியாவிடம் 0–2, உஸ்பெகிஸ்தானிடம் 0–3, சிரியாவிடம் 0–1. அடுத்து 2027 சவூதி தொடருக்கான தகுதிச்சுற்றில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகியவற்றோடு ஆடிய இந்தியா, 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று வெளியேறியது. 24 அணிகளுக்கான வாசலும் போதவில்லை.

இதோடு ஜப்பானை ஒப்பிடலாம். ஜப்பான் ஆசியக் கோப்பை இறுதிச் சுற்றில் முதன்முதலாக ஆடியது 1988இல்தான். 1992இல் ஹிரோஷிமாவில் வென்றது. 1993இல் ஜே-லீக் தொடங்கியது. ஜோர்டான் முதலில் வந்தது 2004இல். 2023 தொடரின் இறுதியாட்டம் வரை போய், 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது. முன்பு எங்கே நின்றோம் என்பது யாருக்கும் உதவவில்லை. இடைவிடாது ஆடியதே உதவியது.

5. செஞ்சியிலிருந்து ஒரு வாசிப்பு

தேசிய அணியின் வரலாறு கொல்கத்தா, ஹைதராபாத், கோவா ஆகிய நகரங்களின் பார்வையிலேயே எழுதப்பட்டுள்ளது. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற ஒரு பேரூராட்சியிலிருந்து பார்த்தால், தேசிய அளவில் கண்ட அதே இல்லாமை சிறிய அளவில் தெரிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டையால் இவ்வூரை உலகம் அறியும். இங்குள்ள பள்ளி மாணவனுக்குக் கால்பந்து என்றால் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் எனப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகளே. பெரும்பாலும் நாக் அவுட் முறை: முதல் நாளில் தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது. வாரந்தோறும் ஆடும் லீக் வேண்டுமெனில் பெருநகரத்துக்குப் போக வேண்டும்.

தமிழகத்துக்குத் திறமை புதிதன்று. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இயங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் 1955, 1958 ஆண்டுகளில் டூராண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியில் வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் இரு ஒலிம்பிக்குகளிலும் 1962 தங்க அணியிலும் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்ததே இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல். இவர்களை உருவாக்கியவை, ஆண்டு முழுதும் ஆடும் அணிகள்.

பெண்கள் கால்பந்து இவ்வாதத்துக்கு மற்றொரு முனையிலிருந்து வலுச்சேர்க்கிறது. பெண்களுக்கான ஆசியக் கோப்பையில் இந்தியா 1980இலும் 1983இலும் இரண்டாம் இடம் பெற்றது. அணிகள் குறைந்த காலம். 2022இல் தொடரை இந்தியாவே நடத்தியபோது, அணிக்குள் கொரோனா பரவி விலக நேர்ந்தது. அந்த அணியில் இருந்த இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். செஞ்சியும் கடலூரும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒன்றாக இருந்தவை. கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியும் மதுரையின் சேது எஃப்.சி.யும் தமிழகப் பெண்களுக்குத் தொடர்ந்து ஆடும் களத்தைத் தந்தன. சேது எஃப்.சி. 2018–19 இந்திய மகளிர் லீக்கை வென்றது. தமிழ்நாட்டு அணி 2018இல் தேசியப் பட்டத்தை வென்றது. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில், தரவரிசையில் தன்னைவிட மேலிருந்த தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று இந்தியப் பெண்கள் 2026 தொடருக்குத் தகுதி பெற்றனர். எதிரணிகளின் விலகல் துணைநிற்காத தகுதி அது.

முடிவுரை

1964இன் இரண்டாம் இடத்தை மீட்பது இந்தியக் கால்பந்தின் இலக்காக இருக்க வேண்டியதில்லை. அத்தகைய தொடர் இனி நடக்கப்போவதுமில்லை. ஆராயப்பட வேண்டியது 1972 முதல் 1980 வரையிலான முடிவுகள்: யார் எடுத்தார்கள், எந்தக் கூட்டத்தில், எந்தக் காரணம் காட்டி என்பவை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அக்கால ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவது அதற்கான முதற்படி. நிர்வாகத்துக்குச் சொல்லவேண்டியது வேறொன்று. வட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஆறு மாதமாவது நடக்கும் இளையோர் லீக் இல்லாத வரை, ஆசியக் கோப்பைக்கு எத்தனை அணிகளைச் சேர்த்தாலும் இந்தியாவின் பெயர் அதில் எப்போதாவதுதான் இருக்கும்.